பதின்மூன்று வயது லாரிக்கு எஞ்சின் வேலையா, மாற்று எஞ்சினா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு லாரி பத்து வயதைத் தாண்டி, ஆயில் குடிக்கவும் ஏற்றத்தில் திணறவும் தொடங்கிவிட்டால், உரிமையாளர் முன்னால் இரண்டு யோசனைகள் வைக்கப்படும். எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்துவிடலாம் என்பார் மெக்கானிக். அந்தச் செலவுக்கு வேறு எஞ்சினையே ஏற்றிவிடலாம் என்பார் உதிரி பாகக் கடைக்காரர். இருவருமே தங்கள் தொழில் சார்ந்துதான் பேசுகிறார்கள் என்பதால் இருவர் மீதும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உரிமையாளர்களில் பலர் இருவரும் சொல்லும் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: வண்டி இன்னும் எத்தனை ஆண்டு இதே தொழிலில் ஓடப்போகிறது என்பது ஒன்று, கிராங்கிலும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பிளாக்கிலும் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) கடைந்து சீராக்க இன்னும் எவ்வளவு அளவு மிச்சம் இருக்கிறது என்பது மற்றொன்று.

எங்கள் வண்டி 2013 மாடல் பத்துச் சக்கர லாரி. தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வருவதும், இங்கிருந்து கிடைக்கும் லோடுடன் திரும்பிப் போவதும் அதன் வேலை. உள்ளே இருப்பது ஆறு சிலிண்டர் 6பிடி கம்மின்ஸ் எஞ்சின்; 102 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் நீளம்), மொத்தம் 5.9 லிட்டர். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தை முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வண்டி, சென்ற ஆண்டு முதல் இரண்டாவதுக்கு இறங்கத் தொடங்கியது. மேலே போய் ஓரமாக நிறுத்தினால் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயிலிருந்து அடுப்புப் புகை போல விடாமல் புகை வந்துகொண்டிருந்தது. 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது.

இந்த அடையாளங்களைக் கண்டதும் ‘ரிங் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கோளாறு எஞ்சினின் உடலில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அந்த ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே வரலாம், வால்வு கைடு வழியாக இறங்கலாம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் தேய்ந்து காற்றுக் குழாய்க்குள்ளும் கசியலாம். டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், ஆயில் குட்டையாகத் தேங்கி நிற்கிறதா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படித் தேங்கியிருந்தால் முதலில் டர்போவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டர்போ மட்டும் போன வண்டிக்கு முழு எஞ்சின் வேலை செய்து, பிறகும் புகை நிற்காமல் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் நாசில், பம்ப் டைமிங், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகியவையே காரணம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகிக்க வேண்டும்.

அதன் பிறகு ஆயில் பிரஷர். எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) நிறுத்தி, டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்குச் சூட்டில் ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருந்தாக வேண்டும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்து, ஆயில் பிரஷர் சரியாக இருந்தால் தேய்மானம் பெரும்பாலும் மேல் பகுதியில். பிரஷரும் விழுந்திருந்தால் கிராங், அது சுழலும் பேரிங் வரை போயிருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் வண்டியில் ஐடிலில் 12 காட்டியது. எல்லைக்கு மேலேதான், ஆனால் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்கு மேலே இல்லை.

வண்டியின் மிச்ச ஆயுள் என்ற விஷயத்தைப் பலர் எஞ்சினோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88ஆம் விதிப்படி, இரண்டு ஆக்சில் சரக்கு வண்டிக்கு 12 ஆண்டுகளுக்கு மேலும், மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 ஆண்டுகளுக்கு மேலும் நேஷனல் பர்மிட் கிடையாது. அதாவது மூன்று ஆக்சில் உள்ள 2013 மாடல் பத்துச் சக்கர வண்டி 2028க்குப் பிறகு தாவணகெரே நடை போக முடியாது. மாநிலத்துக்குள் ஜல்லி, செங்கல் என்று ஓட்டலாம், அல்லது விற்கலாம். எட்டு வயதைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்பதும், பதினைந்தைத் தாண்டினால் அதன் கட்டணம் பல மடங்கு ஏறும் என்பதும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே எந்த எஞ்சினைப் பற்றிப் பேசினாலும், அது இந்த வண்டியில் வெளிமாநில லோடு சம்பாதிக்கப்போவது ஏறத்தாழ 30 மாதங்கள்தான். எஞ்சின் பத்து ஆண்டு உழைக்கும் என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், நமக்கு அதில் இரண்டரை ஆண்டுதான் பயன்.

ஒன்றும் செய்யாமல் அப்படியே ஓட்டுவதும் ஒரு வழி என்பதால் அதற்கும் கணக்குப் போட வேண்டும். மாதம் 7,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 1,750 லிட்டர் டீசல் போதும், 3.6 கொடுத்தால் 1,944 லிட்டர் வேண்டும். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் இந்த 194 லிட்டருக்கு ஏறக்குறைய 18,000 ரூபாய் ஆகிறது. கூடுதலாக ஊற்றும் 14 லிட்டர் ஆயிலை லிட்டர் 300 ரூபாய் என்று கொண்டால் இன்னும் 4,200. மாதம் 22,000 ரூபாய், ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல், யார் கண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதில் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதாலும் டயரில் காற்றுக் குறைவாக இருப்பதாலும் போகிற பங்கும் உண்டு, அது எஞ்சின் வேலையால் திரும்பி வராது. அதைக் கழித்துப் பார்த்தாலும், சும்மா இருப்பது மலிவான வழி என்ற எண்ணம் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, ஏதாவது ஒரு நாள் சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால், பழுதுபார்ப்பதற்கென்று எஞ்சினே மிஞ்சாது.

ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு சீட் வெட்டி, கேஸ்கட் மாற்றி, பழைய போரிலேயே புது ரிங் போட்டு மூடும் அரை வேலையை இங்கே நான் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டை வடிவமாகத் தேய்ந்த போரில் வட்டமான புது ரிங் உட்காராது. ஆறே மாதத்தில் மீண்டும் பழைய கதைதான். வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை அது.

முழு வேலை என்றால் எஞ்சினை இறக்கி, பிளாக்கைக் காலி செய்து, லேத்துக்கு அனுப்பிப் போர் அடித்து (தேய்ந்த துளையைக் கடைந்து வட்டமாக்கி), கிராங்கைக் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் போட்டுத் திரும்ப ஏற்றுவது. இதன் பெரிய பலம், எஞ்சினின் வரலாறு நமக்குத் தெரியும் என்பது. எப்போது சூடேறியது, எத்தனை முறை ஆயில் மாற்றினோம், எந்தச் செங்கல் சூளையில் கிழிந்த ஏர் ஃபில்டரோடு மூன்று மாதம் ஓடியது, எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. இதன் பலவீனம் நாட்கள். மெக்கானிக் சொல்லும் பத்து நாளை இருபது என்று எழுதிக்கொள்வது நல்லது. லேத்தில் வரிசை, பிஸ்டன் கிட் வரத் தாமதம், நடுவில் ஒரு பண்டிகை என்று நாள் போய்விடும். இன்னொரு பலவீனம், திறந்து பார்க்கும் வரை மொத்தச் செலவு யாருக்கும் தெரியாது.

இந்த எஞ்சினின் பிளாக்கில் தனி லைனர் (போருக்குள் செருகும் குழல்) கிடையாது. பிஸ்டன் நேரடியாகப் பிளாக்கின் போரிலேயே ஓடுகிறது. அதனால் தேய்ந்த போரை 0.5 மி.மீ. பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அடுத்த முறை 1 மி.மீ.; அதற்கும் மேலே போனால் ஸ்லீவ் இறக்கி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கிராங்கையும் இப்படியே 0.25, 0.50, 0.75, 1 மி.மீ. என்று நான்கு படிகளில் தேய்த்துக் குறைத்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் ஒரு படி செலவாகிறது, அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே ‘எஞ்சின் வேலை செய்யலாமா’ என்ற கேள்விக்கு உண்மையான பதில், இந்தப் படிக்கட்டில் நம் எஞ்சின் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. முதல் முறை பிரிக்கப்படும் எஞ்சின் என்றால் வேலை செய்வதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. கடைசிப் படியில் நிற்கும் கிராங்கும் ஸ்லீவ் ஏறிய பிளாக்கும் என்றால், அதன் மேல் கொட்டும் பணம் அடுத்தவருக்காகச் செலவழிப்பது போலத்தான்.

அடுத்த வழி, விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்தோ உடைக்க வந்த வண்டியிலிருந்தோ எடுத்த பழைய எஞ்சின். விலை குறைவு, ஐந்தாறு நாளில் வண்டி ஓடத் தொடங்கிவிடும். ஆனால் கடையில் ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டும் எஞ்சினில் லோடு கிடையாது, ரேடியேட்டரில் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவார்கள், உள்ளே கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் சத்தமும் வெளியே தெரியாது. கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் ‘ஸ்டார்ட் ஆகும்’ என்ற அளவோடு சரி. வாங்கத்தான் வேண்டும் என்றால், அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் ஒரே ஒரு மெயின் பேரிங் தொப்பியையாவது திறந்து காட்டச் சொல்ல வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்க மாட்டேன். எஞ்சின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஃப்ளைவீல் ஹவுசிங், சம்ப் பள்ளம், மவுண்டிங், பம்ப் வகை என்று மாடலுக்கு மாடல் மாறும். அவற்றை நம் எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டும் செலவும் விலையில் சேர வேண்டும்.

பழைய எஞ்சினில் இன்னொரு சிக்கல் காகிதம். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவாகியிருக்கின்றன. எஞ்சின் மாறினால் வாங்கிய பில், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணம், கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் சம்மதம் ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புது நம்பரைப் பதிய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் எஃப்.சி.யிலோ, இன்சூரன்ஸ் கிளைமிலோ, வண்டியை விற்கும்போதோ வந்து நிற்கும். நம்பரைத் தேய்த்து அடித்த எஞ்சின், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். சொந்தப் பிளாக்கில் செய்யும் முழு வேலையில் நம்பர் மாறுவதில்லை என்பதால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

மூன்றாவது வழி, தயாரிப்பு நிறுவனமே புதுப்பித்துத் தரும் எஞ்சினைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது. டாட்டாவின் ‘புரோலைஃப்’ இப்படிப்பட்டது. அளவுகள் நிறுவனத்தின் தரத்துக்கு வரும், எழுத்தில் வாரண்டி உண்டு, வண்டி நிற்கும் நாளும் குறைவு. விலை மட்டும் முழு வேலையைவிடக் கணிசமாக அதிகம். நாம் கொடுக்கும் பழைய எஞ்சினில் பிளாக் உடைந்திருந்தால் அதற்கும் கழிப்பார்கள். முற்றிலும் புதிய எஞ்சினைப் பற்றி ஒரு வரி போதும்: பதின்மூன்று வயது சேஸிஸில் அதைப் பூட்டினால், விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது.

இனி மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். தொகைகள் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். இங்கே கணக்குப் புரிவதற்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன், படிப்பவர் தங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். வண்டி நின்றால் நாளொன்றுக்கு 3,000 ரூபாய் இழப்பு என்று கொள்வோம். முழு வேலை 2,25,000 ரூபாய், 22 நாள், ஆக 2,91,000. பழைய எஞ்சின் 1,60,000, மாற்றி மாட்டும் செலவு 30,000, ஐந்து நாள்; ஆக 2,05,000. நிறுவனத்தின் மாற்று எஞ்சின் 3,75,000, ஆறு நாள், ஆக 3,93,000. இவற்றை 30 மாதத்துக்குப் பங்கிட்டால் முழு வேலைக்கு மாதம் 9,700 ரூபாய், மாற்று எஞ்சினுக்கு 13,100 ரூபாய். பழைய எஞ்சினும் 30 மாதம் உழைத்தால் 6,800 ரூபாய்தான். ஆனால் அது முழு வேலைக்குச் சமமாக நிற்கவே குறைந்தது 21 மாதம் ஓடியாக வேண்டும். ஓராண்டில் உட்கார்ந்துவிட்டால் மாதம் 17,000 ரூபாய். பட்டியலிலேயே மிக விலை கூடியது அதுதான். பேரிங் தொப்பியைத் திறந்து பார்க்காமல் வாங்கிய ஓர் எஞ்சின் 21 மாதம் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்?

கழற்றிய நம் எஞ்சினை விற்று வரும் தொகையைக் கழிக்க வேண்டாமா என்று கேட்கலாம். கழிக்கலாம். ஆனால் கடைக்காரர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார் என்றால், அதன் கிராங்கும் பிளாக்கும் இன்னும் ஒரு சுற்று வேலைக்குத் தாங்கும் என்பது அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். அந்தச் சுற்றை நாமே ஓட்டிவிடலாம்.

முழு வேலையே மேல் என்ற இந்தத் தீர்ப்பு மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும். புகை மாசு விதிகளின்படி வந்த 2017 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 4, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டிகளில் காமன் ரெயில் இன்ஜெக்டரும் சென்சாரும் வயரிங்கும் எஞ்சினோடு பின்னிப் பிணைந்திருக்கின்றன. பி.எஸ். 6 வண்டியில் ஆயில் எரியத் தொடங்கினால் அதன் சாம்பல் சைலன்சரில் கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரையும் அடைத்துவிடும். அங்கே சாதாரணப் பட்டறையில் முழு வேலை செய்வதைவிட நிறுவனத்தின் மாற்று எஞ்சினையே நான் தேர்ந்தெடுப்பேன். வண்டிக்கு இன்னும் பல ஆண்டு பர்மிட் இருக்கிறது என்பதால் கூடுதல் விலையைப் பங்கிடவும் மாதங்கள் உண்டு.

எங்கள் வண்டிக்கு வருவோம். எஞ்சினை இறக்குவதற்கு முன்னாலேயே ஒரு வரம்பு வைத்துக்கொண்டோம்: கிராங் 0.75க்குள் அடங்கி, பிளாக் 0.5 ஓவர்சைஸில் நின்றால் முழு வேலை. இரண்டில் ஒன்று தவறினாலும் பிரித்த எஞ்சினை அப்படியே மூடிக் கொடுத்துவிட்டு மாற்று எஞ்சின். பாதி பிரித்துப் போட்ட எஞ்சினுக்கு முன்னால் நின்று முடிவெடுத்தால், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்ற எண்ணத்தில் எதற்கும் தலையாட்டிவிடுவோம் என்பதால் இந்த முன்னேற்பாடு. மெக்கானிக் நான்காவது மெயின் பேரிங் ஷெல்லை எடுத்துத் துணியில் துடைத்துக் கையில் கொடுத்தார். மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பூச்சு பாதி போய், அடியிலிருந்த செம்பு நிறம் பழைய காசு போல மின்னியது. திருப்பிப் பார்த்தால் முதுகில் 0.50 என்று பதித்திருந்தது. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே கிராங்கைக் கிரைண்டிங் செய்திருக்கிறார், நமக்கு வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. பேரிங்கில் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலின் மேல் மெக்கானிக் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தார். இரண்டு இடங்களில் நகம் தட்டி நின்றது. லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, 0.75ல் சுத்தமாகிவிடும் என்றார்கள். பிளாக்கோ அதுவரை போர் அடிக்கப்படவே இல்லை. வரம்புக்குள் வந்துவிட்டதால் வேலையைத் தொடரச் சொன்னோம்.

முழு வேலை செய்கிறவர்கள் எஞ்சின் திறந்து கிடக்கும்போதே முடித்துவிட வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. 6பிடி எஞ்சினின் முன்பக்க டைமிங் கேஸில் உள்ள சிறு டவல் பின் (இடம் பிடித்து நிறுத்தும் இரும்பு முளை) அதிர்வில் மெல்ல நழுவி கியர்களுக்குள் விழுவது இந்த எஞ்சின் குடும்பத்தில் பெயர் பெற்ற கோளாறு. ஒரு சிறு தகட்டை வைத்துப் பக்கத்து போல்ட்டோடு இறுக்கிவிட்டால் பின் வெளியே வர வழியில்லை. ஆயில் கூலரைக் கழுவாமல் மாட்டினால், பழைய எஞ்சினின் இரும்புத் தூள் புது பேரிங்கில் போய் உட்காரும். ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்வதும், நாசில்களையும் பம்ப்பையும் கேலிபரேஷனுக்கு அனுப்புவதும் இந்த நேரத்தில்தான். இவற்றையெல்லாம் தனிச் செலவு என்று ஒதுக்கிவிட்டுச் சொல்லப்படும் குறைந்த விலையை நம்பக் கூடாது. முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி 24ஆம் நாள் வெளியே வந்தது. முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பாதி லோடு, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுவது, நீண்ட நேரம் ஐடிலில் நிறுத்தாமல் இருப்பது என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லியிருந்தோம். அது முடிந்து ஆயில் மாற்றியபோது பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தோம். ரிங் உட்காரும்போது வரும் மெல்லிய சாம்பல் பொடி இருந்தது, செம்பு நிறம் எதுவும் இல்லை. சூட்டில் ஐடில் பிரஷர் 26 காட்டியது. அடுத்த வாரம் முழு லோடோடு தொப்பூர் ஏறினார்கள், மூன்றாவது கியரில்.